தாய்மாமன் ஸ்ட்ரைக்கில் இருக்கிறார்

தண்ணீர் வந்துவிட்டது, குழாய் முதலில் இருமியது, காற்றைத் துப்பியது, பிறகு வெந்நீர் கொட்டியது, வெயிலில் கிடந்த ரப்பர் குழாய்க்குள்ளேயே தங்கியிருந்த தண்ணீர் அது, அதைச் செடிக்கு விடக் கூடாது, ஓரமாகப் போகவிட்டு, கை வைத்துப் பார்த்து, சில்லென்று ஆன பிறகுதான் பாத்திக்குத் திருப்ப வேண்டும், "நீ வெந்நீர் குடிப்பியா மச்சான், அது மட்டும் ஏன் குடிக்கணும்" என்று கேட்பார் தாண்டவராயன் மாமா. என் அக்காவின் புருஷன். ஓய்வு பெற்ற ஹவில்தார். அவர் போய் இன்று பதினாறாம் நாள் காரியம், முன்வாசலில் பந்தலுக்கடியில் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்கிறது, பாலாற்றங்கரைக்குப் போனவர்கள் தலை முழுகித் திரும்பிவிட்டார்கள், நான் வீட்டுக்குப் பின்னால் அவருடைய கத்திரிப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்கிறேன். இதைச் செய்யச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. எதையும் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அதுதான் காலையிலிருந்து உறுத்துகிறது, கேட்டிருந்தால் மாட்டேன் என்று சொல்லியிருப்பேன், ஆனால் கேட்டிருக்க வேண்டும்.

மாட்டேன் என்று சொல்வதற்கு மூன்று நாளாகத் தயார் செய்திருந்தேன். படுக்கையில் கிடந்தபடியே வாக்கியம் வாக்கியமாக அடுக்கினேன், உறவினர்களே, தோழர்களே, செத்தவர் வீட்டு வாரிசின் தலையில் தாய்மாமன் புதுத் துண்டை உருமாவாகக் கட்டுவது என்பது நிலவுடைமைக் காலத்தின் மிச்சம், சொத்து கைமாறியதை ஊருக்கு அறிவிக்கும் சடங்கு, ஐம்பது ஆண்டுகளாக எந்தச் சடங்கிலும் நிற்காத இந்த ஏகாம்பரம் இன்றும் நிற்க மாட்டான், என்று தொடங்கி, மாமாவின் மனிதப் பண்பைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லி, கடைசியில் குரலை இறக்கி முடிப்பதாக இருந்தேன். குரலை இறக்கி முடித்தால் கூட்டம் கலையாது, ஏற்றி முடித்தால் டீ குடிக்கப் போய்விடுவார்கள், இதெல்லாம் அனுபவத்தில் கற்றது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், துண்டறிக்கையில்தான் எழுத்துக் கூட்டினேன், சுவரொட்டியில்தான் இலக்கணம் படித்தேன், ஆனாலும் என் பேச்சுக்கு ஆம்பூர் வரைக்கும் ஆள் வந்த காலம் ஒன்று இருந்தது. காலையில் வெற்றிச்செல்வி ஆற்றங்கரைக்குக் கிளம்பும்போது என்னிடம் வந்தாள். மாமாவுக்கு ஒரே மகள், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், தலை பாதி நரைத்துவிட்டது. கொள்ளிச் சட்டி தூக்கினதும் அவள்தான், பங்காளிகள் முணுமுணுத்தார்கள், அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன், முதல் வாக்கியத்தை நாக்கின் நுனிக்குக் கொண்டுவந்தேன். அவள் "மாமா, மாத்திரை போட்டீங்களா?" என்றாள். போட்டேன் என்றேன். "உருமா விஷயத்துல நீங்க ஒண்ணும் சங்கடப்படாதீங்க, நான் உங்களைக் கேக்கல" என்றாள், போய்விட்டாள். நான் கேக்கல. வாக்கியங்களெல்லாம் அப்படியே நாக்கில் காய்ந்துபோயின.

தண்ணீர் சில்லென்று ஆகிவிட்டது, பாத்திக்குத் திருப்புகிறேன், மண் குடிக்கிற சத்தம் கேட்கிறது, சுவரோர நிழலில் இருக்கும் இந்தப் பாத்திக்குப் பெயர் நேஃபா. அவர் வேலை பார்த்த இடங்களின் பெயரைத்தான் பாத்திகளுக்கு வைத்திருந்தார், நிழலும் ஈரமுமாக இருப்பது நேஃபா, கடைசியில் வெயிலில் வேகிறது ஜெய்சல்மேர், ரோஜா இருக்கிற சொகுசுப் பாத்தி பெங்களூர், அக்காவின் மல்லிகைக் கொடி மட்டும் ஹெட்குவார்ட்டர்ஸ். "ஜெய்சல்மேர்ல பூச்சி வந்துக்குது, நேஃபால ஒண்ணும் இல்ல" என்று காலையில் டம்ளரும் கையுமாக அக்காவிடம் நிலவரம் சொல்வார், அக்கா தலையை ஆட்டுவாள், கேட்கிறவர்கள் நாட்டின் எல்லையில் ஏதோ நடக்கிறது என்று நினைப்பார்கள். அவர் சேப்பர் படை, பாலம் கட்டுவது, கண்ணிவெடி புதைப்பது, பிறன் புதைத்ததை எடுப்பது. ஆள் எடுக்க வந்த நாளில் அணைக்கட்டு கிராமத்திலிருந்து வேலூர் வரைக்கும் ஓடியே போனாராம், பஸ்ஸுக்குக் காசில்லாமல், அங்கே ஓடச் சொன்னபோது இன்னுமா என்று கேட்டாராம். சீனச் சண்டையில், இப்போது அருணாசலம் என்கிற அந்த நேஃபாவின் பனியில் இடது காலில் இரண்டு விரல் போயிற்று. அதைப் பற்றிக் கேட்டால் "அங்க நட்டுட்டு வந்துக்கிறேன் மச்சான், இந்நேரம் முளைச்சிருக்கும்" என்பார், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. சண்டையைப் பற்றி அவர் பேசியது மொத்தமும் அவ்வளவுதான், மாதுளைக்கு எரு வைப்பதைப் பற்றிப் பேசியதை எழுதினால் மூட்டைக் கணக்கில் காகிதம் வேண்டும். ராணுவத்தானுக்கு நிலம் என்று அரசாங்கம் கொடுத்தது மலையடிவாரத்துப் பாறை. நான் விடவில்லை, ஆளும் வர்க்கம் தனக்காகச் செத்தவனுக்குக் கல்லைக் கொடுக்கிறது என்று உடனே அறிக்கை போட்டேன், "நான் எங்கடா செத்தேன்" என்றார் அவர், பாறையின் மேல் விறகைப் போட்டுக் கொளுத்தினார், கல் பழுத்துச் சிவந்ததும் தண்ணீரைக் கொட்டினார், பாறை படாரென்று வாயைப் பிளந்தது. வெடி வைக்கத் தெரிந்தவர் ஏன் வெடி வைக்கவில்லை என்று கேட்டேன். "பக்கத்து வூட்டுக் கோழி முட்டை வெக்காது" என்றார். பிறகு ஏரி வண்டலைச் சைக்கிளில் கட்டி, மூட்டை மூட்டையாக, வருஷக்கணக்கில் கொண்டுவந்து போட்டார், இப்போது என் கால் புதைகிற இந்தக் கறுப்பு மண் முழுக்க ஒரு சைக்கிளில் வந்தது.

கால் புதைகிறது, விரல் இடுக்கில் சேறு ஏறுகிறது, நன்றாகத்தான் இருக்கிறது. அக்கா கல்யாணமாகிப் போனபோது நான் சிறுவன், பட்டாளத்தான் என்றால் மீசையும் சாராயமும் என்று நினைத்துப் பயந்தேன், அவர் லீவில் வந்து இறங்கியதும் முதல் வேலையாக அக்காவின் தலையில் பேன் பார்த்தார். வாசலில் உட்கார்ந்து, பட்டப்பகலில், தெருவே பார்க்க. காஷ்மீரிலிருந்து ஒரு சால்வை கொண்டுவந்தார், கம்பளி, கனமோ கனம், இந்த வேலூர் வெயிலில் எருமைகூட அதைப் பார்த்தால் ஓடிவிடும், அக்கா கத்திரி வெயிலில் ஒரு நாள் முழுக்க அதைப் போர்த்திக்கொண்டு நின்றாள், உடம்பெல்லாம் வேர்க்குரு, "எப்படி இருக்குது பூஷணம்?" என்று அவர் கேட்க, "குளிர் தெரியலீங்க" என்றாள். நாகபூஷணம் என்ற என் அக்கா அப்படிப்பட்ட பொய்க்காரி. செல்விக்குச் சடை பின்னுவதும் அவர்தான், கயிறு முறுக்குகிற மாதிரி பின்னுவார், பள்ளிக்கூடம் விட்டு வரும்போதும் ஒரு முடி கலைந்திருக்காது, புருவம் மட்டும் மேலே ஏறி நிற்கும், டீச்சர்கள் இந்தப் பிள்ளை எதைப் பார்த்தும் ஆச்சரியப்படுகிறதே என்று கேட்டார்களாம். அவள் பிறந்தது அறுபத்தைந்து பாகிஸ்தான் சண்டை முடிந்த கையோடு. விஜயலட்சுமி என்று வைக்க வேண்டும் என்றார் அவர், வடமொழி வேண்டாம், சாமி பெயரும் வேண்டாம் என்று நான் இந்த வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டேன், சாப்பிடவும் வரவில்லை, இரண்டு வேளை பொறுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார், "விஜயம்னா உங்க பாஷையில இன்னா?" என்றார். வெற்றி என்றேன். "லட்சுமி?" செல்வம் என்றேன். "அப்ப வெற்றிச்செல்வி. நான் கேட்டதும் ஆச்சு, நீ கேட்டதும் ஆச்சு, எழுந்து வந்து சோறு துன்னு." பேச்சுவார்த்தை என்றால் அதுதான் பேச்சுவார்த்தை. நான் எத்தனையோ முதலாளிகளோடு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன், இவ்வளவு சீக்கிரம் என்னை எவனும் மடக்கியதில்லை.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, இயக்கத்தைக் கட்டிக்கொண்டேன், அது பிற்காலத்தில் என்னை விட்டுவிட்டு வேறு ஆளோடு போயிற்று, அந்தக் கதை இப்போது வேண்டாம், சங்க ஆபீஸ் இருந்த மாடியில் இன்று செல்போனுக்கு உறை விற்கிறான், ஏறிப்போய்ப் பார்த்தேன், கொடி கட்டின கொக்கியில் விளம்பரத் தட்டி தொங்குகிறது, சரி, தொங்கட்டும், ஒரு பொன்னாடை போர்த்தினார்கள், அது சாயம் போயிற்று. சோறு என்னவோ ஆயுள் முழுக்க இந்த வீட்டில்தான், இந்தப் பாத்திகளில் விளைந்ததுதான். ராணுவம் ஆளும் வர்க்கத்தின் கூலிப்படை என்று நான் எழுதிய அறிக்கையை இந்தக் கிணற்றடியில் உட்கார்ந்து அவருக்கே படித்துக் காட்டினேன், அவர் களைக்கொத்தை நிறுத்திவிட்டு முழுசாகக் கேட்டார், "கூலின்னு போட்டியே, எவ்ளோ குடுத்தானுங்கன்னும் போடு, ஜனங்களுக்குத் தெரியட்டும்" என்றார். தோல் பதனிடுகிற ஷாப்பில் நாங்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, மழைக்காலம் முழுக்க இழுத்தது அது, கேட்டுக்கு எதிரே கஞ்சித் தொட்டி வைத்தோம், அரிசி எங்கெங்கேயோ வாங்கினோம், தொட்டுக்கொள்ளக் காய் இல்லை. மறுநாள் காலையில் சைக்கிளின் இரண்டு பக்கமும் கோணிப்பையில் முள்ளுக் கத்திரிக்காயோடு வந்து நின்றார். அதற்கடுத்த நாளும் வந்தார். எல்லா நாளும் வந்தார். கத்திரிக்காய்க் குழம்பு, கத்திரிக்காய் கடைசல், கத்திரிக்காய் வறுவல், கத்திரிக்காய் போட்ட கஞ்சி, வாரங்கள் போகப் போகத் தோழர்கள் தொட்டிப் பக்கம் வரும்போதே முகத்தைத் திருப்பினார்கள், சின்னப்பையன் என்கிற தோல் துவைக்கிற தோழர் என் கையைப் பிடித்துக்கொண்டு "தோழர், போலீஸ் அடிச்சாக்கூடத் தாங்கிக்கிறேன், இந்த ஆளைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க" என்று கெஞ்சினார். வென்றோம். முதலாளி இறங்கிவந்தான். தொழிலாளர் ஒற்றுமையால் வென்றோம் என்று மேடையில் சொன்னேன், அன்று சாயங்காலம் இந்தப் பாத்தியில் குனிந்தபடியே "கத்திரிக்காயைச் சொன்னியா?" என்றார். இல்லை என்றேன். "நல்லதாப் போச்சு. சொல்லியிருந்தா அதையும் சங்கத்துல சேத்துக்கினு சந்தா கேட்டிருப்பீங்க." இப்போதும் சிரிப்பு வருகிறது, குழாய் ஆடுகிறது, கீழே இலையெல்லாம் தண்ணீர் தெறிக்கிறது, இலையில் தண்ணீர் படக் கூடாது, வேரில் விடு, வேரில் விடு.

முன்னால் ஒரு குரல் உயர்ந்தது, கோதண்டத்தின் குரல். மாமாவுக்குப் பங்காளி, ஒன்றுவிட்ட தம்பி, மணல் லாரி வைத்திருந்தவன், எல்லாக் கட்சி வேட்டியும் அவனிடம் உண்டு. "பொம்பளைக்கு எங்கய்யா உருமா கட்டுவாங்க, ஊர் சிரிக்கும், எம் பையனை உட்கார வெச்சு முடிச்சிடலாம், இல்லைன்னா விட்டுட்டு இலையைப் போடுங்க" என்கிறான். செல்வி வாதாட மாட்டாள், அப்பனைப் போல, நின்ற இடத்திலேயே நிற்பாள். என்ன விஷயம் என்றால் இதுதான் விஷயம், உருமா யார் தலையில் ஏறுகிறதோ அவர் பெயரில்தான் இனி அந்த வீடு, பத்திரிகை வைக்க வருகிறவன் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வைப்பான், பங்காளிக் கூட்டத்தில் அந்தப் பெயருக்குத்தான் நாற்காலி, உருமா கட்டாமல் இலையைப் போட்டுவிட்டால் தாண்டவராயன் வீடு தாண்டவராயனோடு முடிந்தது என்று அர்த்தம். கோதண்டத்தின் பையன் தலையில் ஏறினால் அதைவிட மோசம். கொள்ளி வைத்தவளுக்குத்தானே உருமா, நியாயம் அவள் பக்கம், ஆனால் கட்ட வேண்டிய கை தாய்மாமன் கை, வேறு எந்தக் கை கட்டினாலும் செல்லாது, அந்தக் கை இங்கே குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பெண்ணுக்குச் சம உரிமை என்று தலைப்புப் போட்டு நான் எழுதிய அறிக்கை ஒன்றா இரண்டா. சடங்குகளைப் புறக்கணிப்போம் என்று எழுதியதும் அதே கை. இரண்டும் ஒரே நாளில் ஒரே வாசலில் வந்து முட்டிக்கொள்ளும் என்று எந்த அறிக்கையிலும் போடவில்லை, போட்டிருந்தால் படித்திருப்பேன். போனால் ஐம்பது வருஷம் போச்சு. போகாவிட்டால் செல்வி போச்சு. கேட்டிருக்கலாம் அவள், மாமா வாங்க என்று ஒரு வார்த்தை, நான் மறுத்திருப்பேன், அவள் அழுதிருப்பாள், அவள் அழுததால் நான் போயிருப்பேன், எல்லாம் முறையாக நடந்திருக்கும். அவளோ எனக்குச் சங்கடம் வேண்டாம் என்கிறாள். இந்த ஐம்பது வருஷத்தில் இப்படித்தான் ஒவ்வொன்றையும் கடந்தோம், அவளுடைய காதுகுத்தின்போது தாய்மாமன் மடியில்தான் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும், நான் கறுப்புக் கொடியோடு தாலுகா ஆபீஸ் எதிரில் நின்றேன், வேறு ஒரு பிரச்சினைக்காக, ஆனால் அன்றைக்கென்று பார்த்து வைத்துக்கொண்டேன். மறுநாள் வந்தால் மாமா சொல்கிறார், "தாய்மாமன் ஸ்ட்ரைக்கில கீறாருன்னு சொல்லிட்டு எம் மடியிலயே உட்கார வெச்சிக்கினேன் மச்சான், ஸ்ட்ரைக்கை உடைச்ச கருங்காலி நான்தான், உங்க ஆளுங்களை வுட்டு என்னை அடிச்சிடாத." வயதுக்கு வந்த சடங்குக்கும் அதையே சொன்னார், கல்யாணத்துக்கும் அதையே சொன்னார், நானும் சிரித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். இப்போது அந்தக் கருங்காலியும் போய்விட்டார். தாய்மாமன் இடம் காலியாகவே கிடக்கிறது, என் இடமும் ஒரு நாள் காலியாகும், என் உடம்பை மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வைத்துவிட்டேன், அதில் பெருமைதான், ஆனால் ராத்திரியில் சில சமயம் எழுந்து உட்கார்ந்து யோசிப்பேன், எடுத்துப்போகிற வண்டிக்குப் பின்னால் யார் நடப்பார்கள் என்று. நடந்தால் இந்த வீட்டு ஆட்கள்தான் நடக்க வேண்டும்.

கிளியம்மாள் வந்தாள், மாமாவுக்குச் சித்தப்பா மகள், மாமாவுக்கு அடுத்து எங்களில் மூத்தவள், முதுகு வளைந்து தரையைப் பார்த்துத்தான் நடப்பாள், வெற்றிலைச் சாற்றைத் துப்புவதற்கு ஜெய்சல்மேர் பக்கம் போய்விட்டு என் பக்கமாகத் திரும்பினாள். "ஏகாம்பரம், இங்க இன்னா நோண்டிக்கினு கீற, அங்க எல்லாரும் தேடறாங்க." யாரும் தேடவில்லை, நான் அதெல்லாம் செய்வதில்லை, உங்களுக்கே தெரியும் என்றேன், கொஞ்சம் விறைப்பாகத்தான் சொன்னேன். அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "இன்னாது செய்யறதில்ல? எல்லாம் செஞ்ச ஆளுதானே நீ. காதுகுத்துக்குத் தோடு உன்னுது. சடங்குக்குப் பச்சைப் பட்டு உன்னுது. கல்யாணத்துக்குப் பித்தளை அண்டா, நானும் இன்னொருத்தியும் தூக்கியாந்தோம், இடுப்பு புடிச்சிக்கிச்சு. நீ வரல, போராட்டத்துல ஜெயில்ல இருப்ப, சீர் மட்டும் தவறாம வந்துடும். ஏகாம்பரம் அனுப்பிச்சதுன்னு எங்கண்ணன் சபையில தூக்கிக் காட்டுவாரே. இன்னைக்குக்கூடத் தட்டு வந்துடுச்சு உம் பேர்ல, துண்டு வேட்டி எல்லாம், அப்புறம் இன்னா, வந்து கட்டிட்டுப் போ, பசிக்குது." சொல்லிவிட்டு அவள் தரையைப் பார்த்தபடி நடந்து போனாள், நான் அவள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றேன், தண்ணீர் பாத்தி வரப்பை உடைத்துக்கொண்டு நடைபாதைக்கு வந்துவிட்டது.

தோடு என்னுது. பச்சைப் பட்டு என்னுது. அந்தப் பச்சைப் பட்டு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, செல்வி அதைக் கட்டிக்கொண்டு வந்து காட்டினாள், ஏழை நாட்டில் பட்டு உடுத்துவது குற்றம் என்று ஒரு சிற்றுரை ஆற்றினேன், எந்த மூடன் எடுத்துக் கொடுத்தான் இதை என்றும் கேட்டேன், மாமா மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டே "யாரோ புண்ணியவான், பேரு வாயில வர மாட்டேங்குது" என்றார், அக்கா சமையல்கட்டுக்குள் ஓடினாள், இருமல் வந்துவிட்டது என்று நினைத்தேன். ஆக, ஊருக்குத் தெரிந்து நான் ஒரு சடங்கையும் புறக்கணிக்கவில்லை. எந்தப் பங்காளிக்கும் எந்தச் சம்பந்திக்கும் என்னுடைய ஐம்பது வருஷப் போராட்டம் தெரியாது. அவர்கள் கண்ணுக்கு நான் சீர் தவறாத தாய்மாமன், கொஞ்சம் கூச்ச சுபாவம், அடிக்கடி ஜெயிலில் இருக்கிறவன், அவ்வளவுதான். பிறந்த வீட்டு ஆள் வரவில்லை என்று அக்காவை ஒருத்தி ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது, அதற்காகத் தன் பென்ஷனில் வாங்கி, என் பெயரைச் சொல்லி, சபையில் தூக்கிக் காட்டிவிட்டு, என்னிடம் வந்து ஸ்ட்ரைக் என்று சொல்லியிருக்கிறார். இரண்டு பக்கமும் போக்குக் காட்டியிருக்கிறார். முதலில் காதெல்லாம் சூடாயிற்று, இது மோசடி, இது ஒரு மனிதனின் வரலாற்றையே அழிப்பது, உயிரோடு இருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன் என்று நினைத்தேன், பிடித்தால் அவர் என்ன செய்வார் என்று பார்த்தேன், "பொத்தான் போயிடும் மச்சான், உங்க அக்காதான் தைக்கணும்" என்பார், அவ்வளவுதான், வயிற்றுக்குள்ளிருந்து சிரிப்பு புறப்பட்டுவிட்டது. சேப்பர் அல்லவா. என் காலடியில் புதைத்துவிட்டு, மேலே மண்ணை மூடிக் கத்திரி நட்டு, தண்ணீர் விட்டு, ஐம்பது வருஷம் ஒன்றும் தெரியாதவர் போல நடமாடியிருக்கிறார், வெடிப்பதற்கு இன்றைக்கு நாள் குறித்திருக்கிறது. சிரிப்பை அடக்க முடியவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டேன், கண்ணில் நீர் வந்தது, காரிய வீட்டில் பின்பக்கம் தனியாக நின்று ஒரு கிழவன் சிரிக்கிறான் என்று யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள், நினைக்கட்டும். குழாயை அடைத்தேன். காப்பாற்ற வேண்டிய வரலாறு எதுவும் என்னிடம் இல்லை, எவ்வளவு லேசாக இருக்கிறது, முட்டிகூட மடங்குகிறது.

பந்தலில் செல்வி மணைப்பலகையின் மேல் நின்றுகொண்டிருந்தாள், உட்காரச் சொல்ல ஆள் இல்லாததால் நின்றுகொண்டிருந்தாள், தலையிலிருந்து ஈரம் சொட்டியது. பக்கத்தில் என் பெயரில் வந்த தாம்பாளம், இந்த முறை அக்காதான் வாங்கி வைத்திருக்க வேண்டும், மஞ்சள் தடவிய துண்டு, வேட்டி. அந்தப் பக்கம் கோதண்டத்தின் பையன் எந்த நேரமும் கூப்பிடுவார்கள் என்று சட்டையைக் கழற்றி வைத்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சேற்றுக் காலோடு போய் "உட்காரும்மா" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், "மாமா, நான் கேக்கல" என்றாள். "நானும் உன்னைக் கேக்கல, உட்காரு" என்றேன். துண்டை எடுத்தேன். கோதண்டம் எழுந்துவிட்டான். "ஏம்பா தோழரு, சாமி இல்ல பூதம் இல்ல, சடங்கு சம்பிரதாயம் எல்லாம் பித்தலாட்டம்னு ஊரெல்லாம் கத்தின ஆளு நீ, உனக்கு இங்க இன்னா உரிமை?" நியாயமான கேள்வி, நானே எழுதிக் கொடுத்திருந்தாலும் இவ்வளவு சரியாக இருக்காது, மூச்சை இழுத்தேன், பதில் சொல்லத்தான் போனேன், அதற்குள் கிளியம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆரம்பித்துவிட்டாள். "அவனுக்கு இல்லாத உரிமை உனக்கா? காதுகுத்துல இருந்து கல்யாணம் வரைக்கும் ஒரு சீர் விட்டிருப்பானா அந்த மனுஷன்? நீ உன் தங்கச்சி பொண்ணுக்கு ஒரு வெள்ளிக் கொலுசு போட்டிருப்பியா, பேச வந்துட்ட." பந்தலில் சிரிப்பு ஓடிற்று. ஒருத்தர் பித்தளை அண்டாவைச் சொன்னார். ஒருத்தி, "அந்தப் பச்சைப் பட்டு இன்னும் எங்கண்ணுலயே நிக்குதே" என்றாள். பெரியவர்கள் தலையை ஆட்டினார்கள், "அப்படிச் செஞ்சவன் யாரு தலையில கட்டினாலும் செல்லும்யா" என்றார் ஒருவர், கோதண்டம் உட்கார இடம் தேடினான்.

அது பொய். முழுப் பொய். எனக்கு வந்த உரிமை அந்தப் பொய்யிலிருந்து வந்த உரிமை, செல்வியின் தலைக்கு மேலே நான் பிடித்திருக்கும் துண்டு அந்தப் பொய்யின் மேல்தான் நிற்கிறது. என்னைப் பற்றி எவன் எது தப்பாகச் சொன்னாலும் மறுநாளே மறுப்பறிக்கை போடாமல் நான் விட்டதில்லை, அச்சகத்துக்காரன் கடன் தர மாட்டேன் என்றபோது கையால் எழுதி ஒட்டினேன். வாய் தானாகவே திறந்தது. நிலைப்படியில் அக்கா நின்றுகொண்டிருந்தாள், பொட்டு வைத்திருந்தாள், அதை அழிக்கக் கூடாது என்று மாமா உயிரோடு இருக்கும்போதே சொல்லி வைத்திருந்தார். என் வாயையே பார்த்தாள். இந்த வாயைப் பிறந்ததிலிருந்து அறிந்தவள், அடுத்து என்ன வரும் என்று தெரிந்தவள், முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டாள். ஐம்பது வருஷம் சபையில் அவள் தலை நிமிர்ந்து நின்றது என் ஒரு வார்த்தையில் இறங்கிவிடும், மகளும் எழுந்துவிட வேண்டியதுதான். கூட்டம் நான் பேசக் காத்திருந்தது. எத்தனை வருஷம் ஆயிற்று ஒரு கூட்டம் நான் பேசக் காத்திருந்து. நல்ல நிசப்தம், அதில் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். "பச்சைப் பட்டு" என்றேன், தொண்டையைச் செருமிக்கொண்டேன், "விலைதான் அப்பவே கொஞ்சம் ஜாஸ்தி."

அக்கா முந்தானையை விட்டாள். செல்வியின் தோள் குலுங்கிற்று, அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள், நான் குனிந்து பார்த்தேன், சிரிப்பு, அவளுக்கு எல்லாம் தெரியும், எப்போதோ தெரிந்திருக்கிறது. கட்ட ஆரம்பித்தேன், ஈர முடியில் துண்டு வழுக்கியது, என் கைச்சேறு மஞ்சளின் மேல் அப்பியது, ஒரு பக்கம் இறங்கி அவள் காதை மூடியது, "இறுக்கிக் கட்டுங்க மாமா, எல்லாரும் வந்து போற வரைக்கும் நிக்கணும்" என்றாள், இறுக்கினேன், புருவம் மேலே ஏறிற்று. முடிச்சுப் போட்டு நிமிர்ந்தபோது பெரியவர் கேட்டார், "இனிமே இந்த வீட்டுக்கு யார் பேருன்னு தாய்மாமன்தாம்பா சொல்லணும், சபைக்குக் கேக்கற மாதிரி சொல்லு." கேட்டார்கள். என்னைக் கேட்டார்கள். மைக் இல்லை, எனக்கு அது எந்தக் காலத்திலும் வேண்டியிருந்ததில்லை, தோல் ஷாப்பு கேட்டுக்கு எதிரே நின்று எடுத்த அதே குரலை அடிவயிற்றிலிருந்து எடுத்தேன், தாண்டவராயன் மகள் வெற்றிச்செல்வி என்று சொன்னேன், எதிர்வீட்டு நாய் குரைத்தது, தெருமுனையில் ஆட்டோவை நிறுத்தி ஒருவன் எட்டிப் பார்த்தான், பின்கட்டிலிருந்து சமையல்காரர் கரண்டியும் கையுமாக ஓடிவந்து இலை போடலாமா என்று கேட்டார், போடுங்கள் என்றாள் செல்வி.